நீலகிரியில் இயற்கையியலாளர் உருவான பாதை

காட்டுயிர் வழிகாட்டியாக விரும்பும் மாணவர்கள் பலரும் முதலில் கேட்பது, "அதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்பதே. விலங்கியலும் தாவரவியலும் துணைசெய்யும். ஆனால் நீலகிரியின் வரலாறு வேறொரு விடையையும் தருகிறது.

இம்மலையின் விலங்குகளை முதலில் நுணுக்கமாக அறிந்தவர்கள் இங்கு வாழும் பழங்குடி மக்கள். பின்னர் வந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் தடம் பார்க்க அவர்களையே நம்பினர். வேட்டை மிகுந்து விலங்குகள் குறைந்தபோது, 1877இல் வேட்டைக்காரர்களே நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்கினர். 1879இல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் நோக்கம் உயிரிரக்கம் அன்று. வேட்டை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே.

அந்தச் சங்கத்துடன் பிற்காலத்தில் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவர் இ. ஆர். சி. தாவிதார். தொழிலால் அவர் குன்னூர் வழக்கறிஞர். தொடக்கத்தில் வேட்டையிலும் ஈடுபட்டவர். தொலைவில் நிற்கும் விலங்கு கிடாவா பெட்டையா, முதிர்ந்ததா குட்டியா என்று பிரித்தறிவது வேட்டைக்காரருக்கும் தேவை, ஆய்வாளருக்கும் தேவை. தாவிதார் அந்தத் திறனைச் சுடுவதிலிருந்து எண்ணுவதற்குத் திருப்பினார். 1963இல் நீலகிரி வரையாடுகளைப் பற்றிய கணக்கெடுப்பை வெளியிட்டார். 1975இல் தொடங்கிய ஆய்வில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வரையாடு வாழும் பிற பகுதிகளையும் சேர்த்துக்கொண்டார். மசினகுடி அருகே சீகூர் பள்ளத்தாக்கில் வீடு அமைத்து வாழ்ந்த அனுபவத்தையும் நூலாக எழுதினார்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? வரையாடு உயர்ந்த புல்வெளிகளையும் செங்குத்தான பாறைகளையும் சார்ந்து வாழ்வது. தேயிலைத் தோட்டங்களும், சீகை, தைல மரக் காடுகளும் பரவியதால் அப்புல்வெளிகள் சுருங்கின. முன்பு எங்கெங்கே எத்தனை இருந்தன என்ற பதிவு இல்லையென்றால், எங்கே அழிந்தன என்று இன்று சொல்ல இயலாது. தமிழ்நாட்டில் 2024இல் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இத்தகைய எண்களுக்குப் பொருள் தருவது பழைய குறிப்பேடுகளே. தாவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளை வரையாடு தினமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது.

இயற்கையியலாளராக விரும்பும் மாணவர்கள் வீட்டருகே காணும் பறவையிலிருந்தே தொடங்கலாம். நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய நான்கையும் தவறாமல் எழுதுங்கள். ஐயமிருந்தால் அந்த ஐயத்தையும் எழுதுங்கள். ஊரிலுள்ள பழங்குடி முதியவர்களிடம் கேட்டறிந்ததை அவர்களின் அறிவாகவே குறிப்பிடுங்கள். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். குறிப்பேடு தொடங்க எவர் அனுமதியும் வேண்டியதில்லை.