கோல்ஃப் புல்வெளி யாருடைய நிலம்? கேப் டவுன் நமக்குச் சொல்லும் வரலாறு

ஆண்டுக்கு 1,058 ராண்ட். நம் பணத்தில் சுமார் ஐயாயிரம் ரூபாய். சென்னையில் ஒற்றை அறைக்கு ஒரு மாத வாடகை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், நூறு ஏக்கருக்கும் அதிகமான மாநகராட்சி நிலத்துக்கு ரோண்டபோஷ் கோல்ஃப் கிளப் கொடுத்து வந்த ஓராண்டுக் குத்தகை இது. 2019இல் 'என்டிஃபுனா உக்வாசி' என்ற நில உரிமை அமைப்பு இந்தக் கணக்கை வெளியே கொண்டுவந்தது. கோசா மொழியில் அந்தப் பெயருக்கு 'அறிய விரும்புகிறேன்' என்று பொருள். அந்த இடத்தில் சுமார் 2,500 வீடுகள் கட்டலாம் என்றும் அது சொன்னது.

அதே ஆண்டு மார்ச் 21 அன்று, வீட்டுரிமைக்காகப் போராடும் 'ரீக்ளைம் தி சிட்டி' இயக்கத்தினர் அந்தப் புல்வெளிக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். நாளைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். 1960இல் அதே தேதியில்தான், ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கறுப்பின மக்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

புல்வெளிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அதற்கு நாம் 1950க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தவர் எந்தத் தெருவில் வாழலாம் என்று நகரத்தையே கூறுபோட்டது. 1966இல் நகரின் மையத்தில் இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. ரோண்டபோஷ், மௌபிரே, கிளேர்மாண்ட் பகுதிகளிலிருந்தும் வெள்ளையரல்லாத குடும்பங்கள் கிளப்பப்பட்டன. அவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் கேப் ஃபிளாட்ஸ். காற்றில் மணல் பறக்கும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சமவெளி. பின்னர் 1980களில், நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி கறுப்பின மக்களுக்கென்று கயலிட்ஷா உருவாக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு 'புதிய வீடு' என்று பொருள். நம் ஊரில் கூவம் கரையிலிருந்து பிடுங்கியவர்களை வைத்த இடத்துக்கு 'எழில் நகர்' என்று பெயர் வைத்தார்களே, அதே போலத்தான்.

கோல்ஃபும் இந்தப் பிரிவினைக்கு வெளியே இருந்ததில்லை. டர்பனைச் சேர்ந்த பாப்வா செவ்கோலம் இந்திய வம்சாவளி. கோல்ஃப் மட்டைப் பை தூக்கும் கேடியாகத் தொடங்கியவர். 1959லும் 1960லும் டச்சு ஓப்பன் வென்றார். 1963இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனையும் வென்றார். வெள்ளையருக்கான கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது. தோற்ற வெள்ளை ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். டீக்கடை வாசலில் தனிக் குவளையோடு நின்ற நம் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. வாக்குரிமை வந்தது. 1996 அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு வீட்டுரிமையைத் தந்தது. ஆனால் வரைபடம் மாறவில்லை. கேப் டவுனுக்கு அருகே வாலஸ்டீனில் வாழ்ந்த ஐரீன் குரூட்பூம், குடிசை இடிக்கப்பட்டு, மற்ற குடும்பங்களோடு ஒரு விளையாட்டு மைதானத்தில் தங்கியவர். வழக்குத் தொடுத்து 2000இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் வென்றார். உலகச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. 2008இல் அவர் இறந்தபோதும் குடிசையில்தான் இருந்தார். தீர்ப்பு வந்தது, வீடு வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ரோண்டபோஷ் விவாதத்தைப் படிக்க வேண்டும். 2020இல் குத்தகையை இன்னும் பத்தாண்டு நீட்டிக்க மாநகராட்சி முன்மொழிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. எதிர்த்தரப்பின் வாதங்களையும் நாம் நேர்மையாகக் கேட்போம். பசுமை வெளி நகரத்துக்குத் தேவை. அது ஆற்றோரம், வெள்ளம் வரும். கிளப்பை நம்பித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வீடு கட்ட வேறு இடம் இருக்கிறது.

பசுமை தேவைதான். ஆனால் கட்டணம் கட்டுகிறவர் மட்டும் ஆடும் புல்வெளி பொதுப் பூங்கா ஆகாது. ஆற்றோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று பொறியாளர்கள் அளந்து சொல்லட்டும். வேலை இழப்பவருக்கு மாற்று வேலை கேட்பதும் நம் கடமை. 2,500 வீடுகளால் இலட்சக்கணக்கானவர்களின் காத்திருப்புப் பட்டியல் தீராது என்பதும் உண்மை. ஆனால் 'வேறு இடம்' என்ற சொல் மட்டும் நமக்குப் பழகியது. அந்த வேறு இடம் எப்போதும் ஊருக்கு வெளியேதான் இருக்கும். வெள்ளம் வரும் நிலம் என்ற கவலையும் அப்போது யாருக்கும் வராது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி எழுப்பி நம் மக்களைக் குடியேற்றியபோது அந்த ஈரம் தடையாகத் தெரியவில்லையே!

சென்னைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கிண்டி குதிரைப் பந்தய மைதானம் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். அதற்குள்ளேயே ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு அறிவித்தது பூங்காவும் குளங்களும். மூழ்கும் நகரத்துக்குக் குளம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 160 ஏக்கரில் ஒரு மூலையையாவது, அந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பெரும்பாக்கத்துக்குப் பேருந்து ஏறும் தொழிலாளிக்கு ஒதுக்கலாமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கேப் டவுன் தோழர்கள் முதலில் கேட்டது வீடு அல்ல, கணக்கு. யார் நிலம், யாருக்குக் குத்தகை, எவ்வளவு, எப்போது முடிகிறது? அந்த நான்கு கேள்விகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நாமும் கேட்கலாம். பஞ்சமி நிலத்தின் பழைய ஆவணங்களைத் தேடப் பழகிய நமக்கு, நகரத்துக் கிளப்புகளின் குத்தகைப் பத்திரமும் தேட வேண்டிய ஆவணம்தான். உங்கள் மாவட்டத் தலைநகரில் இருந்து தொடங்குங்கள்.