இ.டி. ஊழியரின் ஐந்து மணி நேரம்: கிளை அஞ்சலகச் சம்பளம் குறித்து ஒரு மறுவாசிப்பு

கோலா சாவா போன்ற, மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்து தமிழகத்துக்கு வந்த மணியார்டர்களைப் பற்றிப் பேசும்போது அனுப்பியவரும் பெற்றவரும் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். ஊர்க்கோடி வீடுவரை அந்தப் பணத்தைக் கொண்டு சேர்த்த இ.டி. ஊழியர், அதாவது இலாகா சாரா ஊழியர், கணக்கில் வருவதில்லை. அவருடைய சம்பளம் ஏன் குறைவாகவே இருந்தது என்பதே இங்கு கேள்வி.

1997இல் அறிக்கை அளித்த நீதிபதி சரண்ஜித் தல்வார் குழு இதைச் சட்டத் தகுதியின் வழியே அணுகியது. ராஜம்மா வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை அடித்தளமாக்கி, வேலை நேர விகிதப்படி இலாகா ஊழியருக்கு நிகரான பயன்களைக் கோரியது. இவர்களுக்காக எழுந்த மிக நேர்மையான குரல்களில் அது ஒன்று. ஆனாலும் அந்த வாசிப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

தீர்ப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். விளக்கமளிக்க உரிய வாய்ப்புத் தராமல் நீக்கப்பட்டவர்களின் வழக்கு அது. இவர்கள் வெறும் முகவர்கள் என்றது அரசுத் தரப்பு. நீதிமன்றம் 1964ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்கொண்டது. நியமனம், தண்டனை, பணிநீக்கம் அனைத்தும் இலாகாவின் கையில் இருப்பதைக் கண்டது. கமிஷன் பெற்று வரி வசூலித்த அசாம் மௌசாதாரும் அரசுப் பதவி வகிப்பவரே என்ற 1967ஆம் ஆண்டு முன்தீர்ப்பைத் துணைக்கொண்டது. இ.டி. ஊழியரின் பதவி அரசின் கீழுள்ள பதவி என்று முடித்தது. ஆனால் அதே மூச்சில், அது வழக்கமான குடிமைப் பணிகளுக்கு வெளியே உள்ள பதவி என்றும் சொன்னது. நீக்கத்துக்கு எதிராக அரண் கிடைத்தது. சம்பளத்தைத் தீர்ப்பு தொடவில்லை.

அந்தத் தகுதி எதிராகவும் திரும்பியது. 1996இல் தெய்யம் ஜோசப் வழக்கில், இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள், ஆகவே தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது.

முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. நாள் வேலை நேரத்துக்கு ஐந்து மணி உச்சவரம்பு. வேறு வருமானம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டும் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் ஓய்வு நேரத்தில் தபால் பார்த்த காலத்துக்குரியவை. அவர்களுக்கு அது உபரி வருமானம். பின்னால் வந்தவர்களில் பலருக்கு அதுவே பிழைப்பு. ஆள் மாறிய பிறகும் விதி நின்றது. இந்த மாற்றத்துக்கு ஓர் ஆண்டைக் குறிப்பது சரியல்ல. வட்டாரத்துக்கு வட்டாரம் அது வேறுபட்டிருக்க வேண்டும். நேரடிச் சான்று மெலிந்ததுதான். ஆயினும் விதியின் அமைப்பே இந்தத் திசையைக் காட்டுகிறது: அஞ்சலகம் நடத்த இடம் தர வேண்டியவரும், இ.டி. ஊழியர்களில் ஒருவரான கிளை போஸ்ட் மாஸ்டரே. சொந்த வீடோ கடையோ உள்ளவரை மனத்தில் வைக்காமல் இப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்காது.

இவர்களின் சம்பளத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழுவின் பரிந்துரைப்படி 2018 ஜூனில் சம்பள உத்தரவு வந்தது. அதற்கு முன் மே 22இல் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியிருந்தது. கிளை போஸ்ட் மாஸ்டருக்கு, நாளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு மாதம் 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500 ரூபாய் என அடிப்படை வகுக்கப்பட்டது. இந்தப் பணிக்கு மதிப்பெண் அடிப்படையில் தொலைவிலுள்ளோரும் தேர்வாகிறார்கள். இந்தத் தொகைக்கு ஊர்விட்டு ஊர் வந்து தங்குவது எளிதல்ல. ஒரே அறிவிப்புக்குத் தெரிவுப் பட்டியல்கள் அடுத்தடுத்து வெளியாவதற்கு இதை முதற்காரணமாகக் கொள்கிறேன்.

2001இல் பதவியின் பெயர் ‘கிராமிய டாக் சேவக்’ என்று மாறியது. ஐந்து மணி உச்சவரம்பு 2018 உத்தரவிலும் மாறவில்லை.