ஹாலேயிலிருந்து வந்த மருந்துப் பெட்டிகள்

தரங்கம்பாடி மிஷனின் வரலாற்றை எழுதுவோர் அச்சுக்கூடத்தைப்பற்றி விரிவாகக் கூறுவர். மருந்துப் பெட்டிகளை மறந்துவிடுவர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவிய அநாதை இல்லம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கமுதல் மருந்துகளைத் தயாரித்து அயல்நாடுகளுக்கு மொத்தமாக அனுப்பிற்று. ரஷ்யாவுக்கும், 1742இல் மூலன்பர்க் சென்றிறங்கிய பென்சில்வேனியாவுக்கும், நம் தரங்கம்பாடிக்கும் அவை சென்றன. அவ்வாதாயம் அநாதைப் பிள்ளைகளைப் போஷித்தது. ஆயினும் 'எசென்ஷியா டல்சிஸ்' என்னும் புகழ்பெற்ற பொற்சாரத்தின் செய்முறையோ இரகசியமாகக் காக்கப்பட்டது. பிணி தீர்க்கும் அறிவைப் பூட்டிவைத்து ஈட்டிய பொருளால் தருமஞ் செய்தல் தகுமோ என்று நாம் கேளாதிருக்க இயலாது. இங்கிருந்த கிரண்ட்லரோ 1711இல் தமிழ் மருத்துவத்தைக் குறித்து ஜெர்மன் மொழியில் எழுதினார். மருந்து வந்த கடல்வழியே நம்மவர் மருத்துவமும் சென்றது. ஆயின் அந்நூல் அக்காலத்தில் அச்சேறாமல், ஹாலேயில் கையெழுத்துப் பிரதியாகவே தங்கிவிட்டது.