யுவான் காலப் பீங்கானில் கதைக்காட்சிகள்: மூலம் வரலாற்று நூலா, மக்கள் கதைநூலா?

சீனத்தின் யுவான் அரசமரபுக் காலத்தில் (1271–1368) ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தேஜென் சூளைகளில் உருவான நீலவெள்ளைப் பீங்கான் கலங்களுள் மிகச் சிலவற்றில் மட்டுமே மாந்தர் இடம்பெறும் கதைக்காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றில் வரும் வேந்தரும் தளபதிகளும் பெரும்பாலும் பழஞ்சீன வரலாற்றில் பெயர்பெற்றவர்கள் என்பதால், சிமா சியென் கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி முடித்த 'ஷிஜி' என்னும் பெருவரலாற்று நூலையே அக்காட்சிகளுக்கு மூலமாகக் கொள்ளத் தோன்றும். கலங்களே தரும் சான்று அக்கருத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

2005 ஜூலையில் லண்டன் ஏலத்தில் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கும் மேல் விலைபோன, 27.5 செ.மீ. உயரமுள்ள சாடி இதற்குத் தலையாய சான்றாகும். புலியும் சிறுத்தையும் இழுக்கும் இருசக்கர வண்டியில் குய்குஸி என்னும் முனிவர் மலையிலிருந்து இறங்கி வருகிறார். முன்னே ஈட்டி ஏந்திய காலாட்கள் இருவர் நடக்க, பின்னே குதிரைமீது வரும் இளந்தளபதி முனிவரின் பெயர் பொறித்த கொடியைப் பிடித்திருக்கிறார். அவருக்கும் பின்னால், உதவி கேட்டுச் சென்ற ச்சி நாட்டுத் தூதர் சு தாய் வருகிறார். யென் நாட்டுப் படையிடம் சிக்கிய மாணவர் சுன் பின்னை மீட்கவே ஆசிரியர் புறப்பட்டிருக்கிறார். அந்தப் போரில் யென் தரப்பை நடத்துபவர் யுவே யி. ஆனால் சுன் பின் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகழ்பெற்றவர். யுவே யி ச்சி நாட்டின்மீது படையெடுத்ததோ கி.மு. 284இல். ஷிஜியைப் பின்பற்றும் எவரும் இவ்விருவரையும் ஒரே போரில் எதிரெதிரே நிறுத்தியிருக்க முடியாது.

அவ்வாறு நிறுத்தியது 'பிங்ஹுவா' என்னும் கதைநூல் வகையாகும். கதைசொல்லிகளின் மரபிலிருந்து எழுந்து எளிய நடையில் அமைந்த இவ்வகை நூல்களுள் ஐந்து, 1321–1323 ஆண்டுகளில் ஃபூஜியன் மாகாணத்து ஜியான்யாங் பகுதியில் மரக்கட்டை அச்சில் வெளியாகி, இன்று டோக்கியோவிலுள்ள ஜப்பானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் எஞ்சியுள்ளன. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே படமும் கீழே உரையுமாக அமைந்த இவற்றுள், யுவே யி ச்சி நாட்டைத் தாக்கும் கதையில் குய்குஸி மலையிறங்கும் படம் சாடியின் காட்சியைப் பெரிதும் ஒத்திருக்கிறது. எனினும் சாடியை வெறும் படியெடுப்பு என்று ஒதுக்குவது தவறு. தாளில் நீண்ட பட்டையாகக் கிடந்த காட்சியை ஓவியர் உருண்ட வயிற்றுப் பகுதியில் சுற்றி, பாறையும் மரங்களும் இடையிட்டு, கலத்தைத் திருப்பத் திருப்ப ஊர்வலம் நகரும்படி அமைத்திருக்கிறார். அதுவும் சுடப்படாத மண், கோபால்ட் நிறத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் அழித்துத் திருத்த வழியில்லாத பரப்பில்.

நாடகமும் இவ்வாறே மூலமாயிற்று. அடுத்து வந்த மிங் அரசமரபின் தளபதி மூ யிங்கின் கல்லறையில் கிடைத்து இப்போது நான்ஜிங் மாநகர அருங்காட்சியகத்தில் உள்ள, குறுகிய வாயும் அகன்ற தோளும் கொண்ட மெய்பிங் குடுவையில், மனம் வெறுத்துப் பாசறையைவிட்டு வெளியேறிய போர்வீரர் ஹான் சின் ஆற்றங்கரையில் நிற்க, ஓடக்காரர் துடுப்போடு காத்திருக்க, ஹான் சின்னைத் திருப்பி அழைக்க அமைச்சர் சியாவோ ஹே குதிரையை விரட்டி வருகிறார். ஷிஜி இத்துரத்தலைச் சொல்கிறது. ஆற்றையும் ஓடக்காரரையும் சொல்லவில்லை. இதே நிகழ்ச்சியைப் பாடலும் உரையாடலும் கலந்த 'ட்ஸாஜு' என்னும் யுவான் நாடகமாக ஜின் ரென்ஜியே எழுதியிருப்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மங்கோலியர் ஆட்சியில் பதவி வாய்ப்பு இழந்த சீன அறிஞரின் ஏக்கமே, ஆள்வோர் திறமைசாலியைத் தேடிச்செல்லும் இத்தகைய காட்சிகளில் வெளிப்படுகிறது என்னும் விளக்கமும் உண்டு. கவர்ச்சியான விளக்கமே, ஆனால் 'மேற்கு அறை' என்னும் காதல் நாடகத்தின் காட்சியும், மணப்பெண்ணாக சியோங்னு நாட்டுக்கு அனுப்பப்பட்ட வாங் ஜாவோஜுனின் பயணமும் அதே காலத்துக் கலங்களில் உள்ளன. இவை அனைத்தையும் ஒருங்கே விளக்க வல்லது மேடையும் அச்சுநூலும் தந்த கதைப்பெருக்கமே. ஆகவே இக்கலங்களின் காட்சிகளை இனங்காண முனையும் ஆய்வாளர், ஷிஜியைப் புரட்டுவதற்குமுன் பிங்ஹுவாவையும் யுவான் நாடகங்களையும் படிக்க வேண்டும்; பெயர் தெரியாத ஜிங்தேஜென் ஓவியர்களுக்குச் சீனக் கதையிலக்கிய வரலாற்றிலும் உரிய இடம் தரப்பட வேண்டும்.