தண்ணீர்மலை முதல் மூடா ஆறு வரை: பினாங்கு நகருக்குக் குடிநீர் வந்த கதை



பினாங்குத் தைப்பூசம் என்றவுடன் நமக்குத் தண்ணீர்மலைதான் நினைவுக்கு வரும். காவடிகளின் பின்னால் நடந்து, வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களில் தாகம் தீர்த்துக்கொண்டு அங்கே போய்ச் சேருகிறோம். அந்த இடத்திற்கு அப்பெயர் ஏன் வந்தது? அங்கே விழும் அருவிதான் காரணம். பினாங்கு நகரத்தின் தாகத்தைத் தீர்த்ததிலும் அந்த அருவிக்குப் பங்கு உண்டு. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தார். கடலோரத்தில் ஜார்ஜ் டவுன் வளர்ந்தது. 1804-இல் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தார்கள். அவ்வாண்டில்தான் மலை ஓடை நீர் செங்கல் கால்வாய் வழியே ஊருக்குள் கொண்டுவரப்பட்டது. தெருக்களுக்கு அடியில் புதைத்த மண் குழாய்கள் அதைப் பகிர்ந்தளித்தன. நம் நாட்டில் முறையான குடிநீர் விநியோகத்தின் தொடக்கம் என்று இதையே குறிப்பிடுவார்கள்.

இந்தக் கால்வாய் எப்படி வேலை செய்தது? நம் பெரியவர்கள் மூங்கிலைப் பிளந்து, ஓடை நீரைக் குடிசை வாசலுக்குத் திருப்பியிருக்கிறார்கள் அல்லவா? அதே முறைதான். தொடக்கம் முதல் முடிவு வரை மூங்கில் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மேடு தட்டினாலும் நீர் அங்கேயே வழிந்துவிடும். திறந்த கால்வாயில் இலையும் விழும், அழுக்கும் சேரும். 1854-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ, காலரா நோய் கெட்ட தண்ணீரால் பரவுகிறது என்று எடுத்துக்காட்டினார். அதன் பிறகு மூடிய குழாயின் அருமை உலகுக்கு மெல்லப் புரிந்தது.

1877-இல் பினாங்கில் செங்கல் கால்வாயின் இடத்தை இரும்புக் குழாய் பிடித்தது. ஒரு நீண்ட ரப்பர் குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையை உயரமாகப் பிடியுங்கள். நடுப்பகுதி தரையில் கிடந்தாலும் மறுமுனையில் நீர் மேலேறி வரும். தொடக்க முனையின் மட்டத்தைவிட மறுமுனை தாழ்வாக இருந்தால் போதும். இரும்புக் குழாயும் அப்படியே பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும். குழாயின் அகலத்தை இருமடங்காக்கினால் அது நான்கு மடங்குக்கும் மேலான நீரைக் கொண்டுபோகும். எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்பதுதான் பொறியாளர் போடும் முதல் கணக்கு.

1892-இல் பூமலைப் பக்கம் அருவியருகே நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அதுவும் போதவில்லை. 1910-இல் தாவரவியல் பூங்காவையே நீர்த்தேக்கமாக மாற்ற எண்ணி, அதை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். பிறகு அத்திட்டம் கைவிடப்பட்டது. 1912-இல் பூங்கா பிழைத்தது. அடுத்து பத்து பெரிங்கி மலை ஓடைகளைத் தேடிப் போனார்கள். அந்த நீரைச் சேர்த்துவைக்க எர்ஸ்கின் மேட்டில் 1929-இல் கில்லிமார்ட் நீர்த்தேக்கம் எழுந்தது. 1962-இல் ஆயர் ஈத்தாம் அணை வந்தது.

ஒரு தீவின் மலைகள் எவ்வளவுதான் கொடுக்கும்? 1973-இல் தீவின் பார்வை கடலைத் தாண்டியது. பெருநிலத்தில், கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ஆற்று நீர், ஓடை நீரைப் போல் தெளிவாக இராது. அதைச் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்து, கடலடிக் குழாய்கள் வழியே தீவுக்கு அனுப்புகிறார்கள். இன்று பினாங்கு மாநிலத்தின் நீரில் பெரும்பகுதி மூடா ஆறு தருவது.

நடுவில் கடல் இருந்தால் கடலடிக் குழாய். மலைத்தொடரே குறுக்கே நின்றால்? மலையைக் குடைய வேண்டியதுதான். பகாங் மாநிலத்து ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொண்டுவர, தித்திவாங்சா மலைத்தொடரின் அடியில் 44.6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். 2014-இல் அப்பணி நிறைவேறியது. அங்கேயும் மூங்கில் கணக்குத்தான்: நெடுகச் சிறிது சிறிதாகத் தாழ்வு.

நேயர்களே, இந்த வரலாற்றை நாங்கள் வகுப்பில் சொல்லும்போது எங்கள் இளமைக்காலம் நினைவுக்கு வரும். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் குளிப்பதும் துவைப்பதும் ஆற்றில்தான். குடிப்பதற்கும் அதே ஆறு. அம்மா குடத்து நீரில் சீனாக்காரத்தைச் சுழற்றிவிட்டு, சேறு அடியில் படியும்வரை காத்திருப்பார். சுத்திகரிப்பு நிலையம் இயந்திரங்களைக் கொண்டு செய்யும் முதல் வேலையை அவர் கையால் செய்தார். ஆனால் கிருமிகளை அது கொல்லாது. கொதிக்கவைக்க விறகு இல்லாத நாளில் வயிற்றுப்போக்கு வந்தது. லயத்தில் சில தொட்டில்கள் காலியாயின.

நகரத்துக்கு 1804-இலேயே நீர் வந்தது. எங்கள் லயத்துக்கு அவ்வளவு காலம் கழித்தும் வரவில்லை. வழியில் மலையோ கடலோ தடுக்கவில்லை. கேட்கும் குரல் நகரத்துக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை. தோட்ட நிருவாகம் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குழாய் நீரை இலவசமாக வழங்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. அதைத் தெரிந்துவைத்துக்கொள்வதும், நீர் வராதபோது ஒன்றுசேர்ந்து கேட்பதும் நம் கடமை.

நகரத்தாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2024 ஜனவரியில், சுங்கை டுவாவில் வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கில் பல இடங்களில் நாள் கணக்கில் நீர் தடைபட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று இருந்தவர்கள் அன்று வாளியும் பீப்பாயும் தேடினார்கள்.

தண்ணீர் பள்ளத்தைத் தேடித் தானாக ஓடும். வீட்டைத் தேடித் தானாக வருவதில்லை. அளந்து, தோண்டி, புதைத்து, காத்து நிற்கும் மனிதர்களே அதை நம் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். இன்று மாலை உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் வீட்டுக் குழாயில் வருவது எந்த ஆற்றுத் தண்ணீர்?" விடை தெரியாவிட்டால் குழாயின் வழியே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் வேறில்லை.