1894 கமிஷன் ஆராய்ந்த கஞ்சா எது?

கஞ்சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்த இளைஞர்கள் பலர் இப்போது ஒரு வாதத்தைத் தவறாமல் முன்வைக்கிறார்கள். "வெள்ளைக்காரனே 1894-ல் கமிஷன் போட்டு விசாரித்து, அளவோடு உபயோகித்தால் கெடுதல் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறான். நம் தேசத்து மூலிகைதானே? இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்கிறார்கள். பெரியவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. "அதெல்லாம் நம் வீட்டில் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அதனால் பிரயோஜனம் இல்லை.

அப்படி ஒரு கமிஷன் இருந்தது உண்மை. அது அப்படி எழுதியதும் ஏறக்குறைய உண்மை. ஆனால் அந்தக் கமிஷன் ஆராய்ந்த சரக்கு வேறு, இன்று டொரொண்டோவிலும் டென்வரிலும் சட்டப்படி கடையில் விற்கும் சரக்கு வேறு. இரண்டுக்கும் இடையில் இந்தச் செடியை மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மாற்றிய வரலாறு இருக்கிறது. தாவரவியலில் பட்டம் பெற்று, பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய அரசின் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். எனவே இரண்டு பக்கத்திலிருந்தும் இந்த விஷயத்தைப் பார்க்க எனக்கு ஓரளவு வாய்ப்புக் கிடைத்தது. அதை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரே செடி, மூன்று சரக்கு

பாணினியின் அஷ்டாத்யாயியில் எள், உளுந்து, ஆளி, பங்கா, அணு என்னும் சிறுதானியம் ஆகியவை விளையும் வயல்களுக்குப் பெயர் அமையும் விதத்தைச் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. அதில் வரும் பங்கா என்பது இந்தச் செடிதான். அதாவது, அந்தக் காலத்திலேயே இது காட்டில் தானாக முளைப்பது மட்டுமல்ல, எள்ளையும் உளுந்தையும் போல வயலில் விதைத்துப் பயிரிட்டதும்கூட. அதர்வ வேதத்திலும் பங்கா என்ற பெயர் வருகிறது. ஆனால் சரக, சுஸ்ருத சம்ஹிதைகளில் இது முக்கியமான மருந்தாக இடம் பெறவில்லை. வைத்திய நூல்களில் இது தெளிவாகத் தலைகாட்டுவது பதினோராம் நூற்றாண்டை ஒட்டித்தான். அதற்குப் பிறகு வந்த ஆனந்தகந்தம் என்ற ரசசாஸ்திர நூல் 'விஜயா' என்ற பெயரில் இதற்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது.

லின்னேயஸ் 1753-ல் ஐரோப்பியச் செடிக்கு 'கன்னாபிஸ் சடைவா' என்று பெயரிட்டார். 1785-ல் லாமார்க் இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து 'கன்னாபிஸ் இண்டிகா' என்று வேறு பெயர் வைத்தார். இரண்டும் தனித்தனி இனமா, ஒரே இனத்தின் இரு வகையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் லாமார்க் கவனித்த வேற்றுமை உண்மையானது. நாருக்காகப் பயிரிட்டவர்கள் நெருக்கமாக விதைத்து, கிளை விடாமல் நெடுநெடுவென்று ஆள் உயரத்துக்கு மேல் வளரும் செடியின் விதையையே எடுத்து வைத்தார்கள். போதைக்காகப் பயிரிட்டவர்கள் கிளைத்துப் படர்ந்து, பூங்கொத்தில் பிசின் கசியும் செடியின் விதையை எடுத்து வைத்தார்கள். பல நூறு தலைமுறைகள் இப்படி நடந்தால் ஒரே செடி இரண்டு செடியாகிவிடும்.

வட இந்தியாவில் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: இந்தச் செடியிலிருந்து வருவது மூன்று சரக்கு. இலையை அரைத்துச் செய்வது பாங். பெண் செடியின் பூங்கொத்து கஞ்சா. பிசினை மட்டும் தனியே திரட்டினால் சரஸ். வீரியமும் இதே வரிசையில் ஏறும். நான் லக்னோவில் பணியில் இருந்த நாட்களில் ஹோலியன்று வீட்டுக்கு வரும் தண்டாயில் பாங் கலந்திருக்கிறதா என்று கேட்ட பிறகே டம்ளரைக் கையில் வாங்குவது வழக்கம். வாரணாசியில் அரசு அனுமதி பெற்ற பாங் கடையைப் பார்த்து, தெற்கிலிருந்து வந்த உறவினர்கள் திகைத்து நின்றதுண்டு. கஞ்சாவுக்குச் சிறை, பாங்குக்குக் கடை. இது ஏன் என்பதற்கான பதிலும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

நௌகாவ் நோட்டக்காரர்

அன்றைய வங்காளத்தில் ராஜ்ஷாஹி மாவட்டத்தின் நௌகாவைச் சுற்றி 'கஞ்சா மஹால்' என்று ஒரு பகுதி இருந்தது. இப்போது அது பங்களாதேஷில் இருக்கிறது. வங்காளத்துக்கு வேண்டிய கஞ்சா முழுவதும் லைசென்ஸ் பெற்ற குடியானவர்களால் இங்கேதான் பயிராயிற்று. ஹேம் சந்தர் கெர் என்ற டெப்டி கலெக்டர் 1877-ல் இதைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை எழுதினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெய்ன் 1893-ல் மற்றொன்று எழுதினார். இரண்டுமே சர்க்கார் அறிக்கைகளுக்கே உரிய பொறுமையோடு எழுதப்பட்டவை.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் காற்றில் பறக்கும். மகரந்தம் பட்டால் பெண் பூ விதை பிடித்துவிடும், பிசின் குறைந்துவிடும். படாவிட்டால் பூங்கொத்து பெருத்து, மேலும் மேலும் பிசின் சுரக்கும். எனவே ஆண் செடி பூப்பதற்கு முன்பே அதை இனம் கண்டு பிடுங்கிவிட வேண்டும். இந்த வேலைக்கென்றே நௌகாவில் 'போத்தார்' என்று ஒரு நிபுணர் இருந்தார். இந்தச் சொல்லுக்கு மூலப் பொருள், நாணயத்தின் மாற்று பார்ப்பவர். நம்மூரில் 'நோட்டக்காரர்' என்று சொல்வோமே, அவர்தான். மொட்டுக்கூடத் தெளிவாகத் தெரியாத பருவத்தில் வரிசை வரிசையாக நடந்து, 'இது ஆண், இது பெண்' என்று அவர் சொல்லிக்கொண்டே போவாராம். அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு ஆண் செடி பக்கத்து வயல்களையும் கெடுத்துவிடும் என்பதால், கிராமமே இந்த விஷயத்தில் ஒற்றுமையாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. அறுத்ததைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் ஒரு வகை, உருட்டினால் ஒரு வகை, உதிர்ந்த பூத்தூள் ஒரு வகை. காம்பு எவ்வளவு, பிசினுள்ள பூ எவ்வளவு என்ற கணக்கில் மூன்றுக்கும் மூன்று விதமான வரி. வேதியியலாளர் எவரும் பிசினுக்குள் இருப்பது என்ன என்று கண்டறியாத காலத்தில், கலால் இலாகா வீரியத்துக்கு ஏற்ப வரி போட்டிருக்கிறது! 1917-ல் இந்தக் குடியானவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்தார்கள். பங்களாதேஷ் அரசு 1980-களின் இறுதியில் தடை விதிக்கும் வரை நௌகாவில் பயிர் நடந்துகொண்டிருந்தது.

கமிஷன் சொன்னதும் சொல்லாததும்

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மதுவிலக்குப் பிரமுகர் டபிள்யூ. எஸ். கெய்ன் இந்தியக் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக மக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷன் அமைந்தது. அவர்களில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து, மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தார்கள்.

கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்ற பொது நம்பிக்கையை அவர்கள் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1892-ல் இந்தியாவின் மனநல விடுதிகளில் சேர்ந்த 1,344 பேரின் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். ஆளைக் கொண்டுவந்து விடும் போலீஸ்காரர், படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதற்காகவே 'கஞ்சா' என்று எழுதிவிடும் வழக்கம் தெரிய வந்தது. உத்தியோகம் பார்த்த எவருக்கும் இது ஆச்சரியமாக இராது. 222 பேருக்குக் கஞ்சா காரணம் என்று பதிவாகியிருந்தது. சரிபார்த்த பிறகு மிஞ்சியது 98, அதாவது சுமார் 7.3 சதவீதம். இதில் கஞ்சா தவிர வேறு காரணமே தென்படாதவர்கள் 61 பேர். எண்ணிக்கை குறைந்தது, பூஜ்யமாகிவிடவில்லை. மேற்கோள் காட்டுவோர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

மிதமான உபயோகத்தால் உடலுக்கோ மனத்துக்கோ பெரும்பாலும் தீங்கு இல்லை என்றும், அளவு மீறினால் நிச்சயம் தீங்கு உண்டு என்றும் கமிஷன் கூறிற்று. முழுத் தடை வேண்டாம் என்றது. ஆனால் அவிழ்த்துவிடச் சொல்லவும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் பயிரிடக் கூடாது, வரி போதுமான அளவு வேண்டும், கடைகளைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒருவர் கைவசம் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவாகக் கஞ்சா, சரஸுக்கு ஐந்து தோலாவும், பாங்குக்குக் கால் சேரும் விதித்தது. கால் சேர் என்பது இருபது தோலா. பாங்கை நான்கு மடங்கு வைத்துக்கொள்ளலாம் என்பதிலேயே, வீரியம் பார்த்துத்தான் அவர்கள் அளவு வகுத்தார்கள் என்பது விளங்கும். ராஜா சசி சிகரேஸ்வர் ராய், லாலா நிஹால் சந்த் ஆகிய இரு இந்திய உறுப்பினர்கள் இதற்கும் உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆக, கமிஷன் தீர்ப்புச் சொன்னது இலையாகவும், காம்போடு கூடிய பூவாகவும், கிடங்கில் கிடந்து வீரியம் குறைந்தும் குடியானவனுக்கு வந்து சேர்ந்த சரக்கைப் பற்றி.

உயரச் செடி குள்ளமான கதை

பிசினில் போதை தரும் பொருள் டிஹெச்சி. இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் 1964-ல்தான் அதைத் தனியே பிரித்து அமைப்பைக் கண்டார்கள். இதே செடியில் போதை தராத சிபிடி என்ற பொருளும் உண்டு. இரண்டில் எது அதிகம் என்பது பெரும்பாலும் ஒரே மரபணுப் பகுதியைப் பொறுத்தது என்று 2003-ல் வெளியான இனக்கலப்பு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அதாவது, தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன் சில தலைமுறைகளிலேயே செடியின் குணத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம்.

அமெரிக்காவில் நடந்தது அதுதான். 1970-களில் கலிபோர்னியாக்காரர்கள் ஆண் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 'விதையில்லாதது' என்ற ஸ்பானியப் பெயரில் புதுச் சரக்கு கண்டுபிடித்ததாகக் கொண்டாடினார்கள். நௌகாவ் போத்தார் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்துவந்த வேலை! 1983-ல் கலிபோர்னியா அரசு ஹெலிகாப்டர் வைத்துத் தேடி அழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. திறந்த வெளியில் உயரமாக வளர்ந்த வெப்பமண்டலச் செடி ஆகாயத்திலிருந்து எளிதில் தெரிந்தது. ஆகவே பயிர் பலரிடம் விளக்கு வெளிச்சத்தில், அறைக்குள் புகுந்தது. உயரச் செடியோடு ஆப்கானிஸ்தானத்துக் குட்டைச் செடியைக் கலந்து, குள்ளமாக, சீக்கிரம் பூக்கும், மிக வீரியமான செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இடம் குறைவு, ஆபத்து அதிகம் என்றால், ஒவ்வொரு கிராமிலும் அதிக போதை இருப்பதே லாபம். சட்டத்தின் கெடுபிடியே வீரியமான செடியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமாயிற்று என்பது விசித்திரமான உண்மை.

விளைவு என்ன? அமெரிக்க அரசு பறிமுதல் செய்த மாதிரிகளை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சோதித்ததில், 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஹெச்சி 2014-ல் சுமார் 12 சதவீதம் ஆகியிருந்தது. அதே சமயம் சிபிடி 0.15 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. சட்டப்படி விற்கும் கடைகளில் 20 சதவீதத்தைத் தாண்டிய பூக்கள் சாதாரணம். பிசினை ரசாயன முறையில் வடித்த சாறுகளில் 60 சதவீதத்துக்கு மேல். இப்படிப்பட்ட பொருளைக் கமிஷனின் 1,193 சாட்சிகளில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

நாம் சொல்ல வேண்டியது

1985 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள நமது போதைப்பொருள் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் தடை செய்து, பூங்கொத்து சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே விட்டிருக்கிறது. வாரணாசிக் கடை அதனால்தான் தொடர்ந்து நடக்கிறது. 2001-ல் வந்த அறிவிக்கையின்படி 'சிறு அளவு' என்பது கஞ்சாவில் ஒரு கிலோ, சரஸில் நூறு கிராம். நௌகாவின் மூன்று வரி, கமிஷனின் தோலா கணக்கு, இன்றைய கிராம் கணக்கு எல்லாமே ஒரே பழைய அனுபவத்தின் தொடர்ச்சி: செடியின் பெயரைப் பார்க்காதே, வீரியத்தைப் பார். 2018-ல் உத்தராகண்ட் மாநிலம் நாருக்கான சாகுபடிக்கு லைசென்ஸ் தரத் தொடங்கியபோதும், டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் நிபந்தனை வைத்தது.

நம் குடும்பங்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் இது சட்டப்படி கிடைக்கும் ஊர்களில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். உள்நாட்டிலும் பெருநகர விடுதிகளில் இது எட்டாத பொருள் அல்ல. அவர்கள் 1894 கமிஷனை மேற்கோள் காட்டினால், "அப்படி ஒரு அறிக்கையே கிடையாது" என்று நாம் மறுத்தால் தோற்றுப்போவோம், அவர்களுடைய நம்பிக்கையையும் இழப்போம். "அறிக்கை உண்மைதான் குழந்தாய். ஆனால் அவர்கள் பார்த்தது எந்தச் சரக்கு, உன் கையில் இருப்பது எத்தனை சதவீதம்?" என்று கேட்கலாம். படித்த பிள்ளைகள், கணக்கு தெரிந்தவர்கள். கேள்வி சரியாக இருந்தால் யோசிப்பார்கள். இந்தியாவுக்குள் பூங்கொத்தையோ பிசினையோ கையில் வைத்திருப்பதே குற்றம் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.