வானிற் கரணமிடும் கல்வி



சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் மருதமுனையிலிருந்து ஒரு தாய் கல்முனையிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். கைத்தறி நெசவிலே காலங் கழித்தவர். அவருடைய மகன் என்னிடம் கற்றவன். பிறநாட்டில் தொழில் பார்த்துக்கொண்டே விமானமோட்டப் பயின்று, தனியார் விமானிக்குரிய அனுமதிப் பத்திரமும் பெற்றுவிட்டான்.

"சேர், ஓட்டப் படித்தது போதாதென்று இப்போது வானத்திலே கரணம் போடப் படிக்கப் போகிறானாம். வாப்பா இல்லாத பிள்ளை. நீங்கள் சொன்னாற் கேட்பான்; வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் அந்த உம்மா.

உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. சில நாள் தவணை கேட்டேன். பின்னர் இக்கல்வி பிறந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

ஆகாய விமானம் தோன்றிய முதற் பத்தாண்டில் விமானிகளை மிகவும் அஞ்சவைத்தது சுழல் வீழ்ச்சி என்பதாகும். இறக்கைகளின்மேற் காற்று ஒழுங்காக ஓடாது பிரிந்துவிட்டால் அவற்றின் தூக்கும் விசை குன்றிவிடும். ஓர் இறக்கை மற்றையதினும் மிகுதியாக அவ்விசையை இழக்குமாயின், விமானம் திருகாணிபோலச் சுழன்று விழும். தரை எதிரே விரைந்து வருவதைக் காணும் மனிதன் இயல்பாகவே கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பால் இழுப்பான். அந்த இயல்பான செயலே வீழ்ச்சியை நிலைபெறச் செய்துவிடும்.

1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், இங்கிலாந்தின் சாலிஸ்பரிச் சமவெளியில் வில்பிரட் பார்க் என்னும் கடற்படை லெப்டினன்ட் இவ்வாறு சுழலில் அகப்பட்டார். தண்டை இழுத்துப் பார்த்தார், பயனில்லை. கடைசி நொடியிற் சுக்கானைச் சுழலுக்கு எதிர்த்திசையில் முழுவதும் திருப்பினார். தரைக்கு மிக அருகில் விமானம் நிமிர்ந்தது. உயிரோடு இறங்கி, தாம் செய்தவற்றையெல்லாம் பிறருக்கு எடுத்துரைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் அவர் மாண்டார். அவர் கண்ட உண்மை மாளவில்லை.

மறு ஆண்டு, 1913 செப்டெம்பர் 9ஆம் நாள், கீவ் நகரில் பியோத்தர் நெஸ்தெரோவ் என்னும் ரஷ்யப் படையதிகாரி, விமானத்தைச் செங்குத்தாக மேலேற்றித் தலைகீழாக வளைத்து, முழு வட்டமொன்றை வானில் வரைந்தார். உலகில் இதனை முதன்முதற் செய்தவர் அவரே. அதற்கு அவர் பெற்ற முதற் பரிசு யாது? அரசாங்க உடைமையை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று பத்து நாட் காவல்! அதே மாதத்தில் பிரான்சில் அடோல்ப் பெகூ என்பவரும் தலைகீழாகப் பறந்தும் வட்டமிட்டும் காட்டி ஐரோப்பாவை வியக்கவைத்தார். நெஸ்தெரோவின் தண்டனையும் பின்னர் நீங்கியது. பதவி உயர்வும் வந்தது.

எனினும், வித்தை வேறு, கல்வி வேறு. வித்தையைக் கல்வியாக்கியவர் ரொபர்ட் ஸ்மித்-பாரி என்னும் அதிகாரி. முதலாம் உலகப் போரிற் பிரித்தானிய மாணவ விமானிகள் பயிற்சிக் களத்திலேயே பெருந்தொகையாக மடிந்தனர். ஆசிரியர்கள் பலர் மாணவருக்கு அஞ்சினர். மாணவரோ விமானத்திற்கு அஞ்சினர். 1917இல் கொஸ்போர்ட் என்னுமிடத்தில் ஸ்மித்-பாரி புதுமுறை வகுத்தார். அவ்ரோ 504 என்னும் விமானத்தில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய். ஆபத்தான நிலைகளை விலக்கி வைப்பதை விடுத்து, மாணவனை அவற்றினுள்ளே வேண்டுமென்றே இட்டுச்சென்று, வெளியேறும் வழியைக் கற்பித்தார். அதே ஆண்டிற் பார்ன்பரோவில் பிரெடரிக் லிண்டமன் என்னும் விஞ்ஞானி தாமே விமானமோட்டிச் சுழலில் இறங்கி, அதன் இயல்பை அளவெடுத்துக் கணித்தார்.

இவ்வழி நம் நாட்டிற்கும் வந்தது. 1935 நவம்பர் 27ஆம் நாள் இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாசிரியர் டிண்டல் பிஸ்கோ என்பதை எண்ணிப் பாருங்கள். 1951இல் இலங்கை விமானப்படை அமைந்தபோது, முதற் பயிற்சி விமானமாக வந்தது சிப்மங்க். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரும் சிறு விமானமெனினும், வட்டமும் உருளலும் சுழலும் தாங்கவல்லது. இன்று விமானப்படையின் கல்விக்கழகம் நமது கிழக்குக் கரையிலேயே, திருகோணமலைச் சீனக்குடாவில் அமைந்துள்ளது.

இன்றைய தனியார் விமானி இக்கல்வியை எங்ஙனம் தொடங்குகின்றான்? முதற்கண், விமானம் அதற்கென்றே அமைந்ததாயிருத்தல் வேண்டும். சாதாரண வகுப்பைச் சேர்ந்த சிறு விமானத்தின் உடல் தன் எடையைப் போல் 3.8 மடங்கு சுமைக்கென அமைக்கப்படுவது. கரணத்திற்குரியதோ 6 மடங்கிற்கு. வட்டத்தின் அடியில் விமானியின் உடலும் பன்மடங்கு கனக்கும். தலையிலிருந்து குருதி கீழிறங்கிக் கண் மங்கும். ஆகவே பாடம் சிறிது சிறிதாகவே நடைபெறும். பறக்குமுன் பேனாவோ நாணயமோ தளர்ந்து கிடவாதபடி பார்க்க வேண்டும். தலைகீழான வேளையில் அது கட்டுப்பாடுகளிற் சிக்கக் கூடும். பின்னர் போதிய உயரத்திற்கு ஏறிச் சுழலிலிருந்து மீளும் பாடம். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அதன் ஒழுங்கு இதுவே: இயந்திர விசையைக் குறைத்தல், தண்டைப் பக்கஞ் சாயாது நடுவில் வைத்தல், சுக்கானை எதிர்த்திசையில் முழுவதும் அழுத்தல், தண்டை முன்னே தள்ளல். அழகிய வட்டங்களெல்லாம் இதன் பின்னரே. உயரத்தை மறந்து, கூட்டத்தார் மெச்சத் தாழப் பறந்து கரணமிட்டு மாண்டவர்களும் இவ்வரலாற்றில் உளர்.

இவற்றையெல்லாம் படித்தபின் மாணவனை அழைத்துப் பேசினேன். "வேண்டாம்" என்று கூறவில்லை. நான்கு கேள்விகள் கேட்டேன். பக்கத்தில் ஆசிரியர் இருப்பாரா? விமானம் அதற்குரியதா? எவ்வளவு உயரத்தில் தொடங்குவீர்கள்? பாரசூட் உண்டா? நான்கிற்கும் தடுமாறாது விடை சொன்னான். ஈற்றில், "சேர், சுழலைப் புத்தகத்தில் மட்டும் கண்டவனாகவே நான் இருந்துவிடக் கூடாது" என்றான்.

அதனை அவன் தாயிடம் சொன்னேன். ஆபத்து முற்றாக இல்லை என்று நான் கூறவில்லை, அது பொய்யாகும். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தறியிலே பிள்ளைகளைப் பழக்கும்போது, அறுந்த நூலை முடியத்தான் நாங்களும் முதலிற் காட்டிக் கொடுப்போம்" என்றார். எழுந்து செல்கையில், "ஒவ்வொரு முறையும் இறங்கியவுடன் எனக்குப் பேசச் சொல்லுங்கள், சேர்" என்று கேட்டுக்கொண்டார்.

சொன்னேன். பேசுகின்றான்.